பி0700: பெட்டியைக் கழற்றும் முன்

சிகாமட் வட்டாரத்தில் ஒரு வீட்டின் கார் படுத்துவிட்டால் பல காரியங்கள் ஒரே நாளில் நின்றுபோகும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொடுவதில்லை. தங்காக், பாகோ, யோங் பெங் என்று எங்காவது போய்த்தான் அதில் ஏற வேண்டும். ஜொகூர் பாரு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அங்கும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் வீடு திரும்பும் பிள்ளைகள் பலர் லாபிஸ் வழியாக, முதலாம் எண் கூட்டரசுச் சாலையில்தான் வருகிறார்கள். 2025இல் இடிஎஸ் மின்ரயில் சிகாமட் நிலையம் வரை வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் நிலையத்தில் இறங்கி பத்து அன்னத்துக்கோ ஜெமெந்தாவுக்கோ போய்ச் சேரவும், உடம்பு முடியாத அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் வீட்டில் ஒரு காடி இருந்தாக வேண்டும்.

அந்தக் காடி ஒரு நாள் சிக்னலில் நின்று கிளம்பும்போது குலுங்குகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. ஒரே கியரில் ஊர்ந்துகொண்டு பட்டறைக்கு வந்து சேர்கிறது. ஸ்கேனரைச் செருகினால் திரையில் பி0700 என்று வருகிறது. “கியர்பாக்ஸ் போயிடுச்சுண்ணே, ஹாஃப்கட் ஒண்ணு பார்த்துப் போட்டுடலாம்” என்ற பதிலும் உடனே வந்துவிடுகிறது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டியின் பெட்டி, கழற்றி மாட்டும் கூலி, எண்ணெய் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் வெள்ளி. கூட்டுப் பணத்தை எடுக்கும் குடும்பமும் உண்டு, நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் குடும்பமும் உண்டு.

பி0700 கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று சொல்லவே இல்லை. அது சொல்வது வேறு. அதைச் சரியாகக் கேட்கத் தெரியாததால் நம் மக்களின் பணம் ஆயிரம் ஆயிரமாகப் போகிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

குறியீடு எங்கிருந்து வருகிறது

ஆட்டோ கியர் காரில் எஞ்சினுக்கு ஒரு கணினி, கியர்பாக்ஸுக்கு ஒரு கணினி இருக்கும். சில மாடல்களில் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கை எரியவைப்பது பொதுவாக எஞ்சின் கணினியின் வேலை. கியர் கணினி ஏதாவது கோளாறைக் கண்டால், என்னிடம் ஒன்று பதிவாகியிருக்கிறது, விளக்கைப் போடு என்று எஞ்சின் கணினிக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியின் எண்தான் பி0700. கோளாறு என்ன என்பது கியர் கணினியின் நினைவில் வேறொரு எண்ணாக இருக்கிறது. புளூடூத்தில் கைப்பேசியோடு சேரும் மலிவுக் கருவிகளில் பல, எஞ்சின் கணினியை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். அவற்றை வைத்துக்கொண்டு கியர்பாக்ஸுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. கியர் கணினிக்குள் புகுந்து படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும்.

இந்த எண்கள் உலகத்துக்குப் பொதுவானவை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் அதே வகை விதி வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட் அந்தக் காலத்து ஏற்பாடு. அதற்கு முன் டேஷ்போர்டு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய குறியீட்டில் பி என்ற முதல் எழுத்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்ந்தது, யு கணினிகளுக்கு இடையிலான தொடர்பைச் சேர்ந்தது. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண், 1 என்றால் அந்தந்த நிறுவனம் தானே வைத்துக்கொண்ட எண். மூன்றாவதாக வரும் எண் 7, 8 அல்லது 9 என்றால் விஷயம் கியர்பாக்ஸைப் பற்றியது.

ஒரே கியரில் ஊர்கிறதே, அது பெட்டி செத்ததற்கு அடையாளம் இல்லையா? இல்லை. சென்சார் தரும் கணக்கை நம்ப முடியாதபோது கணினி தானாகவே கியர் மாற்றும் மின்வால்வுகளான சொலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, வண்டியைப் பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் பூட்டிவிடுகிறது. எண்ணெய் அழுத்தத்தையும் உச்சத்தில் வைக்கிறது. கிளட்சுகள் வழுக்கி எரிந்துவிடக் கூடாது, வண்டி பட்டறை வரை போய்ச் சேர வேண்டும் என்பதற்கான காவல் இது. ‘லிம்ப் மோட்’ என்பது இதுதான். ஒரு சென்சாரின் ஒயர் அறுந்தாலும் இதே நிலைதான், கிளட்ச் எரிந்தாலும் இதே நிலைதான். ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சென்சார் பெயர் வந்தால் சென்சாரையே மாற்றுவதா?

இரண்டாவது பெரிய தவறு இங்கே நடக்கிறது. கியர் கணினியைப் படித்தாகிவிட்டது, பி0715 என்று வருகிறது. கருவியின் திரையில் உள்நுழை வேகச் சென்சார் என்று எழுதியிருக்கிறது. உடனே சென்சாரை ஆர்டர் செய்கிறார்கள். ஆனால் அந்தக் குறியீட்டின் முழுப் பொருள் ‘உள்நுழை வேகச் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு’ என்பது. மின்சுற்று என்றால் சென்சார் மட்டுமல்ல. ஒயர், கனெக்டர், எர்த், கணினியின் உள்ளே இருக்கும் முனை எல்லாம் அதில் அடக்கம். சென்சார் அவற்றில் ஒன்று.

நல்ல போமன் இங்கே என்ன செய்வார்? எண்ணை எழுதிக்கொள்வார், அழிக்கமாட்டார். குறியீடு பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, சூடு எவ்வளவு, எந்தக் கியர் என்ற விவரங்களைக் கணினி சேர்த்து வைத்திருக்கும். அதைப் பார்ப்பார். பிறகு ஸ்கேனரை மாட்டியபடியே வண்டியை ஓட்டி, உள்நுழை வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் எஞ்சின் சுற்றையும் நேரடியாகத் திரையில் கவனிப்பார். வண்டி 60இல் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்நுழை வேகம் மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழுந்தால், உள்ளே ஓர் அச்சு அப்படி நின்று சுழல வாய்ப்பே இல்லை. செய்திதான் அறுந்து வருகிறது. வண்டியை நிறுத்தி, கனெக்டரையும் ஒயர்க் கட்டையும் கையால் அசைத்துப் பார்த்தால் பல நேரம் இடம் தெரிந்துவிடும். மூன்று ஒயர் உள்ள சென்சார் என்றால் அதற்கு மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். எலி கடித்த ஒயருக்கு ஒரு துண்டு ஒயரும் கொஞ்சம் ஈயமும் போதும்.

பி0730 முதல் வரும் எண்கள் வேறு சாதி. அவை கியர் விகிதம் தப்புகிறது என்று சொல்கின்றன. இங்கேதான் பெட்டியின் உள்பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும். கணக்கு எளிது. பல நான்கு கியர்ப் பெட்டிகளில் மூன்றாம் கியர் ஒன்றுக்கு ஒன்று. உள்ளே 2000 சுற்று போனால் வெளியே 2000 சுற்று வர வேண்டும். உள்ளே 2600, வெளியே 2000 என்றால் 600 சுற்று நடுவில் வழுக்கிப் போகிறது. எந்தக் கியரில் வழுக்குகிறது என்று கண்டால், அந்தக் கியரில் எந்தக் கிளட்ச் வேலை செய்கிறது என்ற அட்டவணையைப் பார்த்து, குற்றவாளியை இரண்டு மூன்று பேருக்குள் குறுக்கிவிடலாம். எல்லாக் கியரிலும் வழுக்கினால் தனி ஒரு கிளட்சைப் பிடிப்பதில் அர்த்தமில்லை. எண்ணெய் குறைவு, ஃபில்டர் அடைப்பு, பம்ப்பின் அழுத்தம் என்று பொதுவான இடங்களுக்குப் போக வேண்டும்.

பி0741, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டைப் பற்றியது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அந்தப் பூட்டு விழுந்ததும் எஞ்சின் சுற்றும் உள்நுழை அச்சின் சுற்றும் கிட்டத்தட்டச் சமமாக வேண்டும். இடைவெளி நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டே இருந்தால் பூட்டு விழவில்லை. பெட்ரோல் அதிகம் குடிக்கும், எண்ணெய் சூடேறும். யோங் பெங்குக்கும் சிகாமட்டுக்கும் இடையே லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பயணத்தில் இதை ஓட்டுநர் உணரவே மாட்டார். குறியீடு இல்லாவிட்டால் எண்ணெய் கருகும் வரை தெரியாது.

சொலினாய்டு குறியீடுகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பி0750 மின்சுற்றுக் கோளாறைச் சொல்கிறது; பி0751 அந்தச் சொலினாய்டு தன் வேலையைச் செய்யவில்லை என்கிறது. முதலாவதற்கு மீட்டரை எடுக்க வேண்டும். திறந்து மூடும் சொலினாய்டுகள் பலவற்றில் 10 முதல் 20 ஓம் அளவும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்துபவற்றில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். சரியான அளவை அந்த மாடலின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறக்காமல் வெளிக் கனெக்டரிலேயே அளந்துவிடலாம். இரண்டாவது வந்தால் மின்சாரம் சரியாகவே இருக்கக்கூடும். எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் அழுக்கு அடைத்திருக்கும், அல்லது வால்வு தேய்ந்து ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்தாகப் புதுச் சொலினாய்டை மாட்டினால் இரண்டாமவர் ஒரு மாதத்தில் அதே விளக்கோடு திரும்பி வருவார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி. கியர் கணினி, எஞ்சின் கணினி, பிரேக் கணினி என்று நாலா பக்கமும் குறியீடுகள், அவற்றில் யு வரிசை எண்களும் கலந்து வந்தால் முதலில் பானட்டைத் திறந்து பேட்டரியையும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி ஒரு நல்ல கியர்பாக்ஸைக் கெட்டதாகக் காட்டிவிடும்.

எண்ணெய் பேசுவது

குறியீட்டுக்கு அடுத்த சாட்சி எண்ணெய். அதைத் தொட்டு, முகர்ந்து, வெள்ளைத் துணியில் விட்டுப் பார்க்காத சோதனை பாதிச் சோதனை. கருகிய வாடையும் கறுத்த நிறமும் கிளட்ச் எரிவதைச் சொல்லும். அடித்தட்டின் காந்தத்தில் மாவுபோல் மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பது சகஜம். செதில் செதிலாக உலோகம் கிடைத்தால்தான் பெட்டியை இறக்குவது பற்றிப் பேசலாம். அளவு பார்ப்பதிலும் ஒழுங்கு உண்டு. எண்ணெய் சூடானால் விரியும் என்பதால் நிறுவனம் சொன்ன சூட்டில்தான் பார்க்க வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் அளவுக்குச்சியே கிடையாது; ஸ்கேனரில் சூட்டைப் பார்த்துக்கொண்டே திருகைத் திறந்து, வழிந்து நிற்கும் அளவை வைத்து முடிவு செய்கிறார்கள்.

சிகாமட்டில் எண்ணெயைப் பார்க்க இன்னொரு காரணம் உண்டு: வெள்ளம். 2006 டிசம்பரில் தொடங்கிய பெருவெள்ளம், 2011இல் சீனப் புத்தாண்டுக்குச் சற்று முன் வந்த வெள்ளம், 2023 மார்ச் மாத வெள்ளம் என்று சிகாமட் ஆறு நகரத்துக்குள் வந்துபோன ஆண்டுகளை இந்த ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். நீரில் நின்ற கார்கள் துடைத்துக் கழுவி, இருக்கை காயவைத்து மறுபடி சாலைக்கு வந்தன, சில கைமாறின. கியர்பாக்ஸுக்கு மேலே காற்று போக ஒரு சிறு குழாய் இருக்கிறது. வண்டி மூழ்கினால் அந்த வழியாக நீர் உள்ளே இறங்கும். சிவந்த எண்ணெயோடு நீர் கலந்தால் நம் கடைகளில் விற்கும் சிராப் பாண்டுங் நிறத்தில் மாறிவிடும். கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற உராய்வுப் படலத்தை நீர் ஊறவைத்துப் பிரித்துவிடும். கனெக்டர் முனைகளில் பச்சை பூக்கும். இந்த இரண்டாவது கோளாறு வெள்ளம் வடிந்து பல மாதம் கழித்துக் குறியீடாக வெளியே வரும். அப்போது வெள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

நீரில் மூழ்கிய வண்டியின் எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள். ஓடாத பெட்டிக்குள் இறங்கிய நீரை வடித்து, எண்ணெயை மாற்றி, மறுபடி வடித்துக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. ஓட்டிய பெட்டிக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. வெள்ளமே பார்க்காத வண்டியிலும் பாண்டுங் நிறம் வரலாம். பல கார்களில் கியர் எண்ணெய் ரேடியேட்டரின் உள்ளே ஒரு குழாயில் ஓடித்தான் குளிர்கிறது. அங்கே துவாரம் விழுந்தால் ரேடியேட்டர் நீரும் எண்ணெயும் கலக்கும். ரேடியேட்டரைச் சரி செய்யாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் புதுப் பெட்டியும் அதே வழியில்தான் போகும்.

சிவிடி வண்டிகளுக்கு வேறு கண் வேண்டும்

2011இல் சாகா எஃப்எல்எக்ஸ் வந்தபோது புரோட்டோன் பெல்ஜியத்தின் பஞ்ச் பவர்ட்ரெயின் நிறுவனத்தின் சிவிடி பெட்டியைக் கொண்டுவந்தது. பிறகு எக்ஸோரா போல்ட், பிரிவே, ஐரிஸ் என்று அதே குடும்பப் பெட்டி நம் தாமான்களெங்கும் பரவியது. 2019 ஆகஸ்டில் புதுப்பித்த சாகாவில் அதை எடுத்துவிட்டு ஹியுண்டாயின் நான்கு கியர்ப் பெட்டியை வைத்தார்கள். பெரோடுவா எதிர்த் திசையில் போனது: 2021இல் அத்திவாவிலும் பிறகு மைவியிலும் டி-சிவிடி வந்தது. ஆக, சிகாமட் சாலையில் இன்று ஓடும் உள்நாட்டுக் கார்களில் இரண்டு விதமான பெட்டியும் கலந்தே இருக்கின்றன.

சிவிடிக்குள் முதலாம், இரண்டாம் கியர் கிடையாது. இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவே எஃகு பெல்ட், அதை நெருக்கிப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தம், இவ்வளவுதான். இந்த எஃகு பெல்ட்டின் தொழில்நுட்பம் நெதர்லாந்தின் வான் டோர்ன் பட்டறையிலிருந்து வந்தது. 1958இல் டாஃப் காரில் அவர்கள் ரப்பர் பெல்ட்டோடு தொடங்கினார்கள். அழுத்தம் குறைந்தால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் கப்பியில் கோடு விழும், கோடு விழுந்தால் மீள வழியில்லை. அதனால் பி0868, பி0841 போன்ற அழுத்தம் பற்றிய குறியீடு சிவிடியில் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டக் கூடாது. சாதாரண ஆட்டோ பெட்டியின் எண்ணெயை இதில் ஊற்றுவதும் பெரும் கேடு. உராய்வுக் குணமே வேறு. எண்ணெய் மாற்றிய சில வாரத்தில் குலுங்கத் தொடங்கியதா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எண்ணெய் மின்சாரக் கோளாறாகவும் வேடம் போடும் என்பதற்கு உலகளவில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி பொருத்திய ஏறத்தாழ 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று போகும் போக்குவரத்தில், அந்தப் பெட்டியின் செயற்கை எண்ணெய் மின் வழங்கலில் கோளாறு உண்டாக்கலாம் என்பதே காரணம். செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றினார்கள். திரையில் தெரிவது மின் கோளாறு, காரணமோ எண்ணெய். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடு என்றால் நம் நாடுதான்.

சோதனைக்குக் கூலி கொடுங்கள்

நம் வட்டாரத்துத் தமிழ்ப் போமன்களை நான் குறை சொல்ல வரவில்லை. தோட்டத்து டிராக்டரிலும் லாரியிலும் கை பழகி, சிறு வயதிலேயே பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றவர்கள் அவர்கள். சத்தத்தை வைத்தே பேரிங் எது என்று சொல்லக்கூடியவர்கள். தவறு, ஸ்கேன் அடிப்பது இலவசம் என்று நாம் எல்லோரும் சேர்ந்து ஆக்கிவிட்ட பழக்கத்தில் இருக்கிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒயரைத் தேடி, ஓட்டிப் பார்த்து, இருபது காசு முனையைச் சுத்தம் செய்து வண்டியைச் சரியாக்கும் போமனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஒன்றுமே மாத்தலையே என்று பேரம் பேசுகிறோம். பெட்டியையே மாற்றுகிறவருக்கோ ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறோம். சோதனைக்குக் கூலி இல்லாத ஊரில் பொருள் விற்றால்தான் வயிறு நிறையும். அப்படி இருக்கும்வரை நல்ல கியர்பாக்ஸுகள் குப்பைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

தொழில் கற்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழின் மூன்று நிலைகளோடு நின்றுவிடாமல், டிப்ளோமா நிலையான நான்காம் ஐந்தாம் நிலைகளுக்கும் போங்கள். மீட்டரையும் ஒயரிங் வரைபடத்தையும் படிக்கத் தெரிந்தவனுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சம் வராது.

வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. குலுங்கியது காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, நெடும் பயணத்துக்குப் பிறகா, மழைக்குப் பிறகா என்று கவனித்துச் சொல்லுங்கள். குறியீட்டை யாரும் அழிப்பதற்கு முன் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கியர் கணினியின் திரையையும் சேர்த்து. பெட்டியை மாற்றலாம் என்று சொன்னால், என்ன அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று மரியாதையோடு கேளுங்கள். தெரிந்து செய்பவர் சந்தோஷமாக விளக்குவார். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்பதைப் பெயரோடு ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பெட்டியோ வால்வு பாடியோ மாற்றிய பிறகு கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்தார்களா என்றும் கேளுங்கள். அதை விட்டுவிட்டால் நல்ல பெட்டியும் குலுங்கும்.

அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கொடுத்த பணத்துக்கு வேலை சரியாக நடக்கவில்லை என்றால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே வைக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி.